ஜீவனாம்சமாக ஒரு மழைநாள்

எங்கள் ஊரில் புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்தால், குழந்தை யாரிடம் இல்லையோ அவர், தன்னுடைய சின்ன வயதிலிருந்து மாதம் ஒரு நாளைக் குழந்தைக்கு ஜீவனாம்சமாகக் கொடுத்துவிட வேண்டும். மற்ற ஊர்களில் எப்படி என்று எனக்குத் தெரியாது. இங்கே குடும்ப நல நீதிமன்றம் வந்த காலத்திலிருந்தே இதுதான் முறை. கூட இருப்பவர் சோறு போடுகிறார், தலை பின்னுகிறார், காய்ச்சல் வந்தால் விழித்திருக்கிறார். கூட இல்லாதவர் வேறு என்னத்தைத்தான் கொடுப்பார்?

கொடுக்கிற நாள் பன்னிரண்டு வயதுக்குள் நடந்ததாக இருக்க வேண்டும். விடிந்ததிலிருந்து விளக்கணைக்கிற வரை முழுசாக இருக்க வேண்டும். தனியாக உட்கார்ந்து, எவர்சில்வர் தூக்குவாளியை மடியில் வைத்து, மூடியைத் திறந்து, அந்த நாளை முதலிலிருந்து கடைசி வரை விடாமல் நினைக்க வேண்டும். நினைத்து முடிக்கும்போது வாளியின் உள்பக்கம் வேர்த்திருக்கும். உடனே மூடிவிட வேண்டும். தூக்கிப் பார்த்தால் தயிர் ஊற்றி வைத்த மாதிரி கனம் தெரியும். அதற்குப் பிறகு அந்த நாள் நம்மிடம் இருக்காது. பல் விழுந்த இடம் நாக்குக்குத் தெரிவது போல, போன இடம் மட்டும் தெரிந்துகொண்டிருக்கும்.

இதைக் கேட்டால் நிறைய நாள் கையிருப்பில் இருக்கும் என்று தோன்றும். அப்படி இல்லை. சின்ன வயது யாரிடமும் முழுசாகக் கிடையாது. ஒரு கூடை நாள் இருக்கும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் நொய். வாளியில் நிற்காது.

நானும் ஜெபசிங்கும் பிரிந்தபோது எங்கள் மகள் ஜோவினாவுக்கு மூன்று வயது. வீட்டில் வினு என்று கூப்பிடுவோம். குழந்தை என்னிடம் இருந்தாள். அதனால் மாதா மாதம் ஜெபசிங்கின் சின்ன வயது எங்கள் வீட்டுக்கு வந்தது. கொண்டுவருவது கோர்ட் அமீனா தங்கப்பழம் அண்ணாச்சி. டி.வி.எஸ். ஃபிப்டியின் முன்னால் வாளியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்து, பள்ளம் மேடு பார்த்து ஓட்டிவருவார்.

"அலுங்காமக் கொண்டாந்திருக்கேன் பிள்ள. வழியில தொறந்து மோந்துகூடப் பாக்கல."

"மூக்குல உப்பு ஒட்டியிருக்கு அண்ணாச்சி."

"அது காத்துல வந்தது," என்பார் துடைத்துக்கொண்டே.

ஜெபசிங் வளர்ந்தது உப்பளத்தில். அவருடைய அப்பா அங்கே வாட்ச்மேன். கூடத்தின் நடுவில் வாளியை வைத்து மூடியை எடுத்தால் வெளிச்சம் கண்ணைக் கூசும். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், பனையோலை வேய்ந்த உப்பு அம்பாரம், அதன்மேல் ஏறிச் சறுக்கும் கால்சட்டைப் பையன்கள். வினு அவர்களோடு பொழுது போகிற வரை சறுக்குவாள். நான் அடுப்படி வாசலில் நின்று, சிந்துகிறதை மட்டும் எடுத்துக்கொள்வேன். அப்படிச் சிந்தியதே எனக்கு நிறைய இருக்கிறது. டிசம்பரில் கேரல் பாட லாரியில் போன நாள் ஒன்று வந்தது. மூங்கில் குச்சியில் வண்ணத்தாள் ஒட்டிய நட்சத்திரத்தை ஜெபசிங் தலைக்குமேல் பிடித்துக்கொண்டே தூங்கிவிடுகிறார். அவருடைய அப்பா பின்னால் நின்று, நட்சத்திரம் சாயாமல் குச்சியின் மேல்நுனியைப் பிடித்துக்கொள்கிறார். மகனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இப்போதும் ராத்திரி லாரிச் சத்தம் கேட்டால் எனக்கு என் அப்பா ஞாபகம் வருவதில்லை, அந்த வாட்ச்மேன் ஞாபகம்தான் வருகிறது.

பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்தால், கழுவி, கொஞ்சம் சீனியோ இரண்டு கொத்து முருங்கைக்கீரையோ போட்டுத்தான் கொடுப்போம். முதல் மாதம் ஜெபசிங்கின் வாளியில் நான் சீனி போட்டுக் கொடுத்தேன். தங்கப்பழம் அண்ணாச்சி திறந்து பார்த்தார்.

"என்ன பிள்ள, அவிய ஒரு நாளையே அனுப்பியிருக்காவ. நீ சீனிய அள்ளிப் போடுத. படிச்ச பிள்ளதான நீ?"

"வேற என்ன போடணும் அண்ணாச்சி?"

"நாளுக்கு நாளுதான் போடணும். முழுசா வேண்டாம். ஒரு சிட்டிகை."

அதற்குப் பிறகு வினுவின் நாளிலிருந்து ஒரு சிட்டிகை போட்டு அனுப்பினேன். அவள் பல் தேய்க்கிற நேரம். செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போன நேரம். அவையும் போட்ட பிறகு என்னிடம் இல்லை. அண்ணாச்சி சொல்லித்தான் இந்த விஷயங்கள் தெரியும்.

இப்படி மூன்று வருஷம் போனது. பிறகு ஜெபசிங் புனிதா என்கிற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். வினுவைத் தன்னிடம் தரும்படி மனுப் போட்டார். ஜட்ஜ் இரண்டு வீட்டையும் நேரில் பார்க்க வந்தார். என் வீட்டுக் கதவில் மூன்று தாழ்ப்பாள். அவர் தட்டியதும் நான் ஒவ்வொன்றாகத் திறந்தேன். உள்ளே வந்து உட்கார்ந்தவர், ஜன்னல்கள் ஏன் சாத்தியிருக்கின்றன என்று கேட்டார். காற்று, என்றேன். காற்று வரவில்லையே, என்றார். வந்துவிட்டால், என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

புனிதா வீட்டுக்குப் போனபோது அவள் சுவரிலிருந்து ஒரு பல்லியைக் கையால் பிடித்து வெளியே விட்டுக்கொண்டிருந்தாளாம். ஜட்ஜ் வந்திருப்பதைப் பார்த்து, கை கழுவிவிட்டு வந்து வணக்கம் சொல்லியிருக்கிறாள்.

தாயாருக்குக் குழந்தைமேல் பிரியம் இருக்கிறது, ஆனால் வீட்டில் பயம் இருக்கிறது, பயம் குழந்தைக்கு ஒட்டும் என்று தீர்ப்பில் போட்டிருந்தது. சரியான தீர்ப்புதான். வினு அப்போதே தூங்கப் போகுமுன் பொம்மையின் கண்களைக் கைக்குட்டையால் கட்டிவிடுவாள், அது ராத்திரியில் எதையாவது பார்த்துப் பயந்துவிடும் என்று. வினு அப்பா வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து ஜீவனாம்சம் கொடுக்க வேண்டியது நான்.

என்னுடைய வாளி கல்யாணச் சீரில் வந்தது. பாத்திரக் கடையில் அம்மா கூடவே நின்று, டிர்ர்ர் என்று கத்துகிற மெஷினில் பெயர் வெட்டி வாங்கினார்கள். சுகிர்தா. அதில் நான் அனுப்பியதெல்லாம் கான்வென்ட் நாட்கள். எனக்கு வேறு நாட்கள் இல்லை. பச்சை ரிப்பன், வெள்ளிக்கிழமை கேன்வாஸ் ஷூவுக்குச் சாக்பீஸ், மாதா சிலை இருக்கிற கெபியின் முன்னால் மெழுகு சுரண்டியது என்று ஓரங்கள் மட்டும் இப்போது மிச்சம் இருக்கின்றன. உள்ளே இருந்தவை போய்விட்டன. பேக்கரியில் ஜாம் வைத்த பன்னைப் பார்த்தால், யாரோ சொன்ன ஜோக்கின் கடைசி வரி காதில் விழாமல் போன மாதிரி இருக்கும்.

வருத்தமில்லை. ஏனென்றால் வாளி திரும்பி வரும். புனிதாவும் எங்கள் பக்கத்துப் பெண்தான், வெறும் பாத்திரம் அனுப்பமாட்டாள். முதல் மாதம் வினு இட்லியைச் சீனியில் தோய்க்கிற நேரம் வந்தது. அடுத்த மாதம் சைக்கிளில் விழுந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அழாமல் எழுந்த நேரம். நான் அதைக் கட்டிலில் உட்கார்ந்து திறப்பேன். சிட்டிகைதான். ஆனால் மெதுவாகத் திறந்தால் சாயங்காலம் வரை வரும். ஒரு மாதம் வினு புனிதாவைப் பார்த்து "அம்மா" என்று கூப்பிட்டது அதில் இருந்தது. புனிதா அதை எடுத்துவிட்டு வேறு ஏதாவது போட்டிருக்கலாம். எடுக்கவில்லை. நான் மூடிவைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, மறுபடி கேட்டேன்.

கூடை காலியாகிக்கொண்டு வந்தது. கடைசியில் ஒரே ஒரு நாள் மிஞ்சியது. அது ஒரு மழைநாள். அந்த மாதம் நான் எதுவும் அனுப்பவில்லை. பாக்கி விழுந்தது.

புனிதாவின் மனு வந்தது அந்தச் சமயத்தில்தான். வினுவைச் சட்டப்படி தன் மகளாக எழுதித் தரக் கேட்டிருந்தாள். நோட்டீசை எடுத்துக்கொண்டு என் வக்கீல் சண்முகவடிவு மேடத்திடம் போனேன். அவர் வெற்றிலை போடுகிறவர். வாய் நிறைய வைத்துக்கொண்டே படித்தார்.

"நல்லதுதானம்மா. அவ தாயாராயிட்டா ஒனக்கு உரிமையும் இல்ல, கடமையும் இல்ல. அடுத்த மாசத்திலிருந்து ஒண்ணும் குடுக்க வேண்டாம். மிச்சம் மீதி இருக்கிற நாளை வச்சுக்கிட்டு நிம்மதியா இரு."

"கடமை போச்சுன்னா வாளி வராதே மேடம்."

"அனுப்பாத வாளி எப்படி வரும்?"

"அப்ப கடமை போகாம இருக்க என்ன செய்யணும்?"

மேடம் எழுந்துபோய் ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டு வந்தார். "இருபது வருசமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். அவுத்து விடு, அவுத்து விடுன்னுதான் எல்லாரும் வருவாக. கட்டிப்போடுன்னு வந்தவ நீ ஒருத்திதான்." பிறகு யோசித்தார். "பாக்கி இருக்குல்லா?"

"ஒரு நாள் இருக்கு."

"அது போதும். உரிமை போனாலும் பாக்கி போகாது. பாக்கி தீர்ற வரைக்கும் கோர்ட்டுல ஓம்பேரு இருக்கும். பேரு இருந்தா மாசம் ஒருதடவை அமீனா ஒன் வாசலுக்கு வந்து கேக்கணும். வர்ற மனுசன் பிள்ள எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லாமயா போவான்? அந்தத் தங்கப்பழம் வாயி சும்மா இருக்கிற வாயா?"

அப்போது மேடம் அந்த நாள் என்ன நாள் என்று கேட்டார். நான் சொன்னேன். நான் சொன்னதை அவர் பிற்பாடு எனக்குத் திருப்பிச் சொன்னார். அப்படித்தான் அதை இங்கே எழுத முடிகிறது.

எனக்கு ஏழு வயது. புயல் மழை. பள்ளிக்கூடத்தை மத்தியானமே விட்டுவிட்டார்கள். ஒவ்வொருவராக வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். ரிக்‌ஷாவில், சைக்கிளில், தோளில். என் அம்மாவுக்கு நூல் மில்லில் வேலை. மில்லை விடவில்லை. சிஸ்டர் ஃபிலோமி ஒவ்வொரு வகுப்பாகப் பூட்டிக்கொண்டே வந்தார்கள். பூட்டு விழுகிற சத்தம் வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை நெருங்கி வந்தது. நான் பையை மடியில் வைத்து வராந்தாப் படியில் உட்கார்ந்திருந்தேன். கெபியில் மாதாவின் பாதம் வரை தண்ணீர் ஏறியிருந்தது. மம்மி வில் கம், என்றார்கள் சிஸ்டர். விளக்கு வைத்த பிறகு அம்மா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

அவ்வளவுதான். வந்துவிட்டார்கள். ஆனால் அந்த நாளை நிறைத்திருந்தது வராத நேரம்தான்.

"இதைத்தான் குடுக்காம வச்சிருக்கியா?" என்று கேட்டார் மேடம்.

"பயம் ஒட்டிரும் மேடம். அதுக்காகத்தானே பிள்ளையையே வாங்கினாங்க."

"அது வேற. பயந்த நாளும் செல்லும். சந்தோசமான நாளுன்னு சட்டத்துல எங்கயும் போடல."

வாய்தா அன்று கோர்ட் வராந்தாவில் ஜெபசிங் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. புனிதா தூரத்தில் ஒரு தூணில் சாய்ந்து நின்று, எங்களைப் பார்க்காமல் இருப்பதற்காகத் தூணில் ஒட்டியிருந்த நோட்டீசைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"சுகி, ஒண்ணு கேக்கணும். எங்க நாய் டைகருக்கு எந்தக் காது கிழிஞ்சிருக்கும்?"

"இடது காது. உப்பு லாரி டிரைவர் கல்லை விட்டெறிஞ்சாரு. நீங்க மஞ்சப்பொடி வச்சுக் கட்டினீங்க."

"நான் அழுதேனா?"

"அப்ப அழல. அது தூங்கினப்புறம் அழுதீங்க."

அவர் தலையை ஆட்டினார். "நல்ல நாய், என்னா?"

"நல்ல நாய்."

"ஒனக்கு எதுவும் கேக்கணுமா?"

"அந்த ஜாம் பன் என்ன விஷயம்?"

அவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். கோர்ட் வாசலில் நின்ற டவாலி திரும்பிப் பார்த்து முறைத்தார். ஜெபசிங் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஃபீஸ்ட் டேக்கு ஆளுக்கொரு பன் குடுத்தாவ. நீ பாதியை அத்தைக்குன்னு பாக்கெட்ல வச்சுக்கிட்டே. ஜாம் பூரா யூனிஃபார்ம்ல எறங்கிருச்சு. சிஸ்டர் ரத்தம்னு நெனச்சு ஓடி வந்து, ஒன்னப் படுக்கவச்சு, தலையில தண்ணி ஊத்துதாவ. நீ வாயே தெறக்கல."

"ஏன்?"

"தமிழ்ல பேசினா கழுத்துல அட்டையை மாட்டிருவாவல்லா. ஜாமுக்கு இங்கிலீஷ்ல என்னன்னு ஒனக்குத் தெரியல."

நானும் சிரித்தேன். அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது. அவளை நன்றாகத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் பிடித்திருந்தது. நாங்கள் சேர்ந்திருந்த காலத்தில் இவ்வளவு பேசியதில்லை. அப்போது அவரவர் நாள் அவரவரிடம் இருந்தது.

"அத்தை சாப்பிட்டாவளா, அந்தப் பாதிப் பன்னை?" என்று கேட்டேன். என் அம்மாவை நானே அத்தை என்று சொன்னது அப்புறம்தான் தெரிந்தது.

"சாப்பிட்டாவ. நனைஞ்சு கூழாப் போயிருந்துச்சு. நல்லாருக்குன்னு சொன்னாவ."

டவாலி எங்கள் பெயர்களைக் கூப்பிட்டார்.

ஜட்ஜ் இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டார். இன்று முதல் ஜோவினாவுக்குத் தாயார் புனிதா. சுகிர்தாவின் உரிமை முடிகிறது, கடமையும் முடிகிறது. நிலுவையில் உள்ள ஒரு நாளை அமீனா ஜப்தி செய்து குழந்தையிடம் சேர்க்க வேண்டும்.

வடிவு மேடம் எழுந்தார். "கனம் கோர்ட்டார் அவர்களே, என் கட்சிக்காரர் பாக்கியை வைத்துக்கொள்ள விரும்புகிறார்."

"வைத்துக்கொள்ள விரும்புவதால்தான் அதற்குப் பாக்கி என்று பெயர்," என்று சொல்லிவிட்டு ஜட்ஜ் அடுத்த கேஸ் கட்டை எடுத்தார்.

தங்கப்பழம் அண்ணாச்சி மறுநாளே வந்தார். நான் மூன்று தாழ்ப்பாளையும் போட்டிருந்தேன். அவர் வெளியே படியில் உட்கார்ந்துகொண்டார்.

"கதவத் தெறக்க வேண்டாம் பிள்ள. ஜப்திக்கு எதுக்குக் கதவு. ஒன் வாளிய மட்டும் மடியில வச்சுக்கோ."

"தரமாட்டேன் அண்ணாச்சி."

"தர வேண்டாம். நான் கேக்கேன். நீ பதில் மட்டும் சொல்லு. அன்னைக்கு எந்திரிச்சதும் பல்லு தேய்ச்சியா?"

பல் தேய்த்தாயா என்று பெரியவர் ஒருவர் கேட்கும்போது பதில் சொல்லாமல் இருக்க எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

"தேய்ச்சேன்," என்றேன்.

"பொறவு?"

முதல் பதில் வந்துவிட்டால் மற்றது தானாக இறங்கிவிடும். ஜப்தியே அவ்வளவுதான். நான் சொல்லிக்கொண்டே போனேன். வாளி உள்பக்கம் வேர்த்தது. என்ன சொன்னேன் என்று இப்போது தெரியாது. ஒரு கட்டத்தில் கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கடைசியில் தாழ்ப்பாள்களைத் திறந்து வாளியை வெளியே கொடுத்தேன். அவர் கோர்ட் நூலைக் கட்டி அரக்கு வைத்தார்.

"அந்தப் படியில அவளை உக்கார விட வேண்டாம்னு புனிதாட்ட சொல்லுங்க அண்ணாச்சி."

"எந்தப் படி?"

எனக்கும் தெரியவில்லை. "ஏதோ ஒரு படி," என்றேன்.

"நாளுக்குள்ள போயிட்டா யாரு சொல்லி யாரு கேக்கா," என்று சொல்லி வண்டியை எடுத்தார். அன்று வாளியைக் காலுக்கு நடுவில் வைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு கை தானாகத் தாழ்ப்பாள்களைப் போட்டது. ஏன் போடுகிறது என்று கைக்குத் தெரியவில்லை. பயம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்கான காரணம் மட்டும் வீடு மாறிப் போய்விட்டது. வடிவு மேடத்துக்கு போன் செய்தேன். அவர்தான் மழையையும் சிஸ்டரையும் பூட்டுச் சத்தத்தையும் முதலிலிருந்து சொன்னார். "ஒனக்கா நடந்துச்சு இது, பாவம்," என்று நடுவில் அவரே வருத்தப்பட்டுக்கொண்டார். எனக்கும் அந்தப் பிள்ளையை நினைத்துப் பாவமாக இருந்தது. வினு இப்போது அந்த வராந்தாவில் இருப்பாள் என்பதை நினைத்தபோது சாப்பிட உட்கார்ந்தவள் எழுந்துவிட்டேன். ஏழு வயதுப் பிள்ளை. பொம்மைக்குக் கண்ணைக் கட்டுகிறவள். அங்கே யார் அவளுக்குக் கண்ணைக் கட்டுவார்கள்?

வாரம் திரும்பியதும் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

"கடைசித் தடவை பிள்ள. இனி இந்தப் பக்கம் எனக்குச் சோலி இல்ல." அண்ணாச்சி வாளியை வாசல் திண்டில் வைத்தார். வண்டியை எடுக்காமல் நின்றார். "பிள்ள நல்லா இருக்கா. முன்பல்லு ரெண்டு விழுந்துட்டு. சிரிச்சா உள்நாக்கு தெரியுது."

"பயந்தாளா?"

"தெறந்து பாரு."

வாளியை எடுத்தேன். என்னுடையது இல்லை. அளவு அதேதான், மூடியும் அதே மாதிரி. கழுத்துக்குக் கீழே வெட்டியிருந்த பெயர் புனிதா.

"அண்ணாச்சி, பாத்திரம் மாறிருச்சு."

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "ஆமா. ஒன்னுது அங்க நிக்கி போலுக்கு." உத்தரவுத் தாளை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் படித்தார். "பாக்கி வசூல்னு இருக்கு. முடிஞ்சதுன்னு இருக்கு. பாத்திரம் மாறினா என்ன செய்யணும்னு ஒண்ணும் போடலயே." தாளை மடித்து வைத்தார். "மாறின பாத்திரத்தைத் திருப்பித்தான் குடுக்கணும். அடுத்தவ பாத்திரத்தை வீட்டுல வச்சுக்க முடியுமா?"

"முடியாது."

"அவளும் ஒன்னுதைத் திருப்பணும்."

"திருப்பணும்."

"வெறுமன திருப்ப முடியாது."

"முடியாது அண்ணாச்சி."

"அப்ப நாளைக்கு வாரேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து, மெதுவாகத் திறந்தேன். சிட்டிகைதான். ஈரமாக இருந்தது. ஒரு வராந்தா, ஒரு படி. நான் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறேன். பூட்டுகிற சத்தம் நெருங்கி வருகிறது. மஞ்சள் கவுன் போட்ட ஒரு பிள்ளை எங்கிருந்தோ வந்து, படியின் ஈரத்தைக் கையால் வழித்துவிட்டு, என்னை ஒட்டி உட்காருகிறது. முன்பல் இரண்டும் இல்லை. எனக்கு அவளைத் தெரியாது. தமிழில் பேசினால் அட்டை மாட்டுவார்கள் என்று சொல்ல வாயெடுக்கிறேன். அதற்குள் அவள் பேசிவிடுகிறாள்.

"எங்க அம்மாவும் லேட்டாத்தான் வருவாங்க. ஆனா வந்துருவாங்க."

"எங்க வேலை பாக்காங்க?"

"தெரியல. வேற வீட்டுல இருக்காங்க." கைக்குட்டையை எடுக்கிறாள். "கண்ணக் கட்டிவிடட்டுமா? பயமா இருக்காது."

வேண்டாம் என்கிறேன். அப்புறம், சரி என்கிறேன். கட்டிவிடுகிறாள். மழைச் சத்தம் மட்டும் கேட்கிறது. என் கையைப் பிடித்திருக்கிற கை சின்னதாக, சூடாக இருக்கிறது.

அதோடு முடிந்தது. பார்த்துவிட்டு மூடி வைத்தேன். இது என்னுடைய நாளிலிருந்து எனக்கே திரும்பி வந்த சிட்டிகை. என்னிடம் இப்போது இருக்கும் ஒரே சின்ன வயது இதுதான். இதை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. ஜப்தியும் செய்ய முடியாது. நாளின் அளவுக்கு வராது.

புனிதாவின் வாளியைக் கழுவித் துடைத்தேன். உள்ளே என்ன போடுவது என்று யோசித்தேன். கூடையில் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வயதுக்குப் பிறகுள்ள நாட்கள் ஜீவனாம்சத்துக்குச் செல்லாது. ஆனால் இது ஜீவனாம்சம் இல்லை. வெறும் பாத்திரம் திருப்பக்கூடாது என்பதற்காகப் போடுவது. அதற்கு வயது வரம்பு கிடையாது.

அதனால் இந்த ராத்திரியைப் போடுகிறேன். கையில் இருப்பது இதுதான். மில் சங்கு ஊதுகிறது. துறைமுகத்தில் ஒரு கப்பல் பதில் சொல்கிறது. சுவரில் ஒரு பல்லி. நான் அதைப் பிடிக்கப் போவதில்லை, ஆனால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விளக்கு எரிகிறது. மூன்று தாழ்ப்பாளும் போட்டிருக்கிறது. வாளி மடியில் இருக்கிறது, அதன் விளிம்பில் தாளை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். வினு அங்கே இதைத் திறந்தால், அவள் தூங்குகிற நேரமெல்லாம் பக்கத்து அறையில் ஒருத்தி விழித்திருக்கிற சத்தம் அதில் இருக்கும். அந்த ஒருத்தி பயந்துகொண்டுதான் இருப்பாள். ஆனால் விழித்திருப்பாள். வாளியின் உள்பக்கம் வேர்க்க ஆரம்பித்துவிட்டது.

மேலே உள்ளதை எப்போது எழுதினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. கையெழுத்து என்னுடையதுதான். மடியில் புனிதா என்று பெயர் வெட்டிய வாளி மூடியிருக்கிறது. தூக்கிப் பார்த்தேன். நல்ல கனம்.

ஜன்னலைத் திறந்தேன். வெயில் சுள்ளென்று அடித்தது. கடிகாரத்தில் மணி இரண்டரைதான், விடிய இன்னும் மூன்று மணி நேரமாவது இருக்க வேண்டும். தெருவில் கோழிகள் மேய்ந்தன. எதிர்வீட்டு லில்லி அக்கா நைட்டியோடு மாடியில் நின்று துவைத்த துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"என்ன சுகிர்தா, ராத்திரி சீக்கிரம் தீந்துட்டே?"

"ஆமாக்கா. புனிதா வீட்டுப் பாத்திரம் ஒண்ணு நின்னுச்சு, அதுல போட்டுட்டேன்."

"அப்ப சரி," என்றார் அக்கா. "அந்தப் பச்சைச் சேலையையும் கொண்டா, சேத்துக் காயப்போடுதேன்."

நான் தாழ்ப்பாள்களைத் திறந்து, சேலையை எடுத்துக்கொண்டு போனேன்.